நாள் எண்ணும் பெட்டி

"உங்க செல்லத்துக்கு இன்னைக்கு நூத்திப் பதினெட்டாவது நாள். கழுத்து நின்னாச்சா? கிலுகிலுப்பையைத் தேட ஆரம்பிச்சிருப்பானே."

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள் வாழ்த்துக்காரி. பிறகு அதை அப்படியே கணினியில் தட்டி ஏற்றினாள்.

அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். குழந்தைச் சாமான் விற்கும் இணையக் கடை அது. பக்கத்தின் குறுக்கே எழும்பி வருமே பெட்டி, அதற்கு வாசகம் எழுதுவது அவள் வேலை.

அவள் வருவதற்கு முன்னால், கடையைத் திறந்த நொடியே மூன்று பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். வந்தவர்கள் விட்டால் போதுமென்று ஓடுவார்கள். "வாசல்ல கால் வைக்கிறதுக்குள்ள கையைப் பிடிச்சு இழுத்தா யாரு சார் உள்ள வருவா?" என்று மேனேஜரிடம் மல்லுக்கட்டி, இரண்டைத் தூக்க வைத்தாள். மிச்சமிருந்த ஒன்றும் பதினைந்து விநாடி பொறுத்துத்தான் வந்தது, மூடுவதற்கான பெருக்கல் குறி பளிச்சென்று தெரிய.

நாள் எண்ணுவதும் அவள் யோசனைதான். பிள்ளை பிறந்த அன்று தாய் 'பிறந்தாச்சு' என்ற பொத்தானை ஒருமுறை அமுக்கினால் போதும். அன்றிலிருந்து பெட்டி நாளை எண்ணிச் சொல்லி, அந்தந்த வயதுக்கு வேண்டியதை நீட்டும். விற்பனை ஒன்றரை மடங்கானது.

அன்று மத்தியானம் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து ஒரு கடிதத்தை அவளுக்குத் தள்ளிவிட்டார்கள். எழுதியவர் ஒரு கணவர்.

'என் மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே உங்கள் பொத்தானை அமுக்கினாள். குழந்தை இரண்டு நாள்தான் இருந்தது. தயவுசெய்து நாள் எண்ணுவதை நிறுத்துங்கள். இது என் மூன்றாவது கடிதம்.'

முதல் இரண்டுக்கும் இயந்திரமே பதில் அனுப்பியிருந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி. அடுத்த முறை வாங்கும்போது பத்து சதவீதத் தள்ளுபடி.'

கடிதத்தை அச்செடுத்துக்கொண்டாள். நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"பெட்டிக்கு அடியில 'இனி காட்ட வேண்டாம்'னு ஒரு வரி போடணும் சார்."

"போட்டா அவனவன் அதைத்தான் அமுக்குவான். அப்புறம் நீ எழுதறதை நீயும் நானும் மாத்தி மாத்திப் படிச்சுக்க வேண்டியதுதான்." அவர் கடிதத்தை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. "ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகத்தாம்மா செய்யும். மனசைக் கல்லாக்கிக்கோ."

மனசு கல்லாகவில்லை. அவள் புரோகிராமரின் மேசைக்குப் போய் நின்றாள். அவர் அந்தப் பெண்ணின் கணக்கைத் திறந்து காட்டினார்.

"தினம் காலையில பத்து மணிக்கு வர்றாங்க. எதையும் வாங்கறதில்ல. பெட்டி வந்ததும் ரெண்டு நிமிஷம் அப்படியே நிக்குது, அப்புறம் போயிடறாங்க. பெருக்கல் குறியை ஒரு நாள்கூட அமுக்கினதில்ல."

"மூடறதுக்குக்கூடக் கை வந்திருக்காது" என்றாள் அவள் மெதுவாக. பட்ட காலிலே படும் என்பார்கள். அந்தக் கால் இடற, தினமும் ஒரு கல்லைத் தன் கையாலேயே எடுத்துப் போட்டிருக்கிறோமே என்று நெஞ்சு குமைந்தது.

"நிறுத்த ஒரே வழிதான் இருக்கு" என்றார் புரோகிராமர். "பிறந்த தேதியை அழிக்கணும். அழிச்சா அழிச்சதுதான், திரும்பக் கொண்டுவர முடியாது. அந்தப் பொத்தான் ஒரு கணக்குக்கு ஒரு தடவைதான்."

"அழிச்சிடுங்க."

"மேனேஜர் கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. வேலை போனா போகட்டும்."

அவர் அழித்தார். ஒரு தும்மல் போடும் நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்கு, மாடிப்படி ஓரமாகப் போய் நின்றுகொண்டு, அந்தப் பெண்ணின் கணக்கிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். கடை சார்பில் ஒரு மனுஷியாவது மன்னிப்புக் கேட்க வேண்டாமா?

"குழந்தைச் சாமான் கடையிலேர்ந்து பேசறேம்மா."

"நல்லவேளை, நீங்களே கூப்பிட்டீங்க." சின்ன வயதுக் குரல். "பத்து மணியிலேர்ந்து உங்க நம்பரைத்தான் தேடிட்டிருந்தேன்."

திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள் வாழ்த்துக்காரி. "எங்க மேலதாம்மா தப்பு. இவ்வளவு நாள் உங்களை வதைச்சிட்டோம். இனிமே அந்தப் பெட்டி உங்க கண்ணுல படாது. அந்தத் தேதியையே நான் அழிக்கச் சொல்லிட்டேன்."

எதிர்முனையில் எங்கேயோ குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

"உங்க வீட்டுக்காரர் எழுதியிருந்தாரு, அதான்..."

"அவரு தொட்டிலைக் கழட்டிட்டாரு. துணியெல்லாம் கட்டி யாருக்கோ குடுத்துட்டாரு. பேர்கூட வைக்காத புள்ளதானேன்னு இங்க யாரும் அவன் பேச்சே எடுக்கறதில்ல." குரல் உடையவில்லை, தணிந்துகொண்டே போனது. "அந்தப் பெட்டியைத் திரும்பப் போட்டுடுங்க."

வாழ்த்துக்காரி படியோரத்திலிருந்து புரோகிராமரின் மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் புள்ள பொறந்தான்னு சொல்ல அது ஒண்ணுதாங்க இருந்துச்சு."