ஆள் இருக்கும் பிளாக்

கிருபானந்தம் மாற்றியெழுதிய நிரலை ஜெயசீலி சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறை, வருஷம் 1987. கம்ப்யூட்டரின் சேமிப்பு வட்டில் இடம் ஒதுக்குவது அந்த நிரலின் வேலை. ஒவ்வொரு நோயாளியின் விவரமும் பிளாக் எனப்படும் ஒரு துண்டு இடத்தில் இருக்கும். நோயாளி இறந்தால் மட்டுமே அது காலியாகிப் புதிதாக வருகிறவருக்குப் போகும்.

முந்தைய நாள் சோதனையில் நிரல் குடியாத்தம் பங்கஜத்தின் பிளாக்கைக் காலி என்று எடுத்திருந்தது.

"சார், அந்தம்மா உயிரோட இருக்காங்க. காலைல இட்லி சாப்ட்டாங்களாம்."

"இன்னா ஜெயசீலி, என் புரோகிராம்ல தப்பு கண்டுபிடிக்கலன்னா உனக்குச் சோறு எறங்காதா?" என்று சிரித்தார் கிருபானந்தம்.

அன்று சாயங்காலம் பங்கஜம் இறந்துபோனார்.

இன்று வரி வரியாகப் படித்தாள். தப்பு எதுவும் இல்லை. மறுபடி ஓட்டினாள். நிரல் எடுத்தது கிரேஸியின் பிளாக்கை. கிரேஸி அவளுடைய தங்கை. பிரசவத்துக்காக மாடி வார்டில் படுத்திருந்தாள்.

ஜெயசீலி புது நிரலை நீக்கிவிட்டு, இத்தனை வருஷமாக ஒரு தவறும் செய்யாத பழைய நிரலைப் போட்டாள். அதுவும் கிரேஸியின் பிளாக்கையே எடுத்தது. அதில் ஆள் இருப்பதாகத் தன் கையாலேயே குறித்தாள். அடுத்த முறை ஓட்டியபோது அது மறுபடி காலியாக இருந்தது.

கிருபானந்தம் இப்போது சிரிக்கவில்லை. அவளை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆள் இருக்குன்னு நான் குறிச்சிக்கிட்டே இருக்கேன். நீ மேல ஓடும்மா."