மூன்றாம் பக்கம்

பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான பன்னாட்டு டிப்ளமோவில் மானுடவியலுக்கு ஏழுக்கு ஏழு வாங்கியதால், வெளிநாட்டுக் கல்லூரி முதலாண்டில் அந்தப் பாடத்தைச் சம்யுக்தா படிக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மதிப்பெண்ணைத் தூக்கிவிட்டது, வீட்டு வேலைக்கு வரும் தனபாக்கியத்தின் வாழ்க்கையைப் பற்றி அவள் எழுதிய கள ஆய்வு.

சேதி கேட்டதும் தனபாக்கியம் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தினமும் மொபெட்டில் அவளை வாசல் கேட்டில் இறக்கிவிட்டுப் போகிறவர், முதல்முறையாக மாடி ஏறியிருந்தார். சலவைச் சட்டை. கையில் லட்டுப் பொட்டலம்.

"எங்க கதைய எழுதித்தான் பாப்பா பாஸாச்சுன்னு இவரு தெரு பூரா சொல்லிட்டாரு," என்று சிரித்தாள் தனபாக்கியம். "என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு எழுதினியே, அத தமிழ்ல கொஞ்சம் படிச்சுக் காட்டேன்."

இங்கிலீஷில் இருந்ததைச் சம்யுக்தா தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். இரண்டு பக்கம் ஓடியது. மூன்றாம் பக்கத்தின் முதல் வரியில் தனபாக்கியத்தின் கணவர் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்துப்போயிருந்தார். ஒரு சாவு இருந்தால்தான் கட்டுரை கனக்கும் என்று அவளே சேர்த்தது. அந்த வரியைச் சொல்லாமலே தாளை மடியில் கவிழ்த்தாள்.

பீடிகூடப் பிடிக்காத அந்த மனிதர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நான் எங்க பாப்பா வர்றேன்?"