வராத சிவப்பு வளையம்

"ரஷ்மி டெஸ்ட் பண்ணினா தப்பே வராது" என்று மேனேஜர் மறுபடியும் சொன்னதும் கனகவல்லிக்கு வயிறு எரிந்தது.

நாச்சாரத்தில் இருந்த அந்தத் தண்ணீர்ப் பரிசோதனை லேபில் சாம்பிளுக்கு நம்பர்தான், பெயர் கிடையாது. ரஷ்மிக்கு வந்த பதினேழாம் நம்பர் தண்ணீரில் கொஞ்சத்தைத் தனி டியூபில் எடுத்து, கனகவல்லி ரகசியமாக ரீஏஜென்ட் என்ற சோதனை மருந்தைச் சொட்டவிட்டாள். சிவப்பு வளையம் வந்தது. சாக்கடைக் கிருமி. உடனே ரஷ்மியின் பாட்டிலில் காலாவதியான ரீஏஜென்டை மாற்றி ஊற்றினாள்.

ரஷ்மிக்கு வளையம் வரவில்லை. 'தண்ணீர் சுத்தம்' என்று ரிப்போர்ட் போனது. இனி புகார் வரும், ரஷ்மியின் மானம் போகும். கனகவல்லி நிம்மதியாக வீடு திரும்பினாள்.

கணவன் முரளி குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கேன் தண்ணி எங்க?"

"நிறுத்திட்டேன். நம்ம அபார்ட்மென்ட் டாங்க் தண்ணிய உங்க லேபுக்குத்தான் அனுப்பியிருந்தோம். சுத்தமாம்."

"சாம்பிள் நம்பர் என்ன?"

"பதினேழு. ரஷ்மி கையெழுத்து. அவ டெஸ்ட் தப்பாதுன்னு நீயே தினமும் பொருமுவியே."

மகள் குடித்து முடித்த டம்ளரை நீட்டி, இன்னொரு டம்ளர் கேட்டாள்.

"ஔர் ஏக் கிளாஸ், டாடி."