கழற்ற முடியாத பூட்டு

கற்பிட்டிக் களப்போரத்து இறால் பண்ணையில், கணினி பார்க்கும் றொபின்சனின் கழுத்தில் மீன் வெட்டும் கத்தி இருந்தது. கத்தி பிடிக்காத மறுகை ஒரு பென்டிரைவை நீட்டியது.

"இந்தப் பென்டிரைவில கிடக்கிறதை மெசினுக்குள்ள ஏத்து."

"ஏறாது. எங்கட முத்திரை இல்லாத புரோகிராமை மெசின்ர மூளை, அந்தக் கேர்னல், எடுக்காது."

"அப்ப அந்தப் பூட்டைக் கழட்டு. மெசின் எழும்பேக்க ஒரு வரி அடிச்சாக் கழருமாமே."

"எழும்பேக்க போடுற பூட்டெண்டாக் கழரும். இது கேர்னலைக் கட்டேக்கயே உள்ளுக்கு வச்சுக் கட்டினது. என்ன வரி அடிச்சாலும் கேளாது. முத்திரையும் கட்டேக்கதான் குத்தலாம்; திருப்பிக் கட்டி முடிக்கப் பின்னேரமாகும்."

வெளியே குளத்துத் தண்ணீருக்குக் காற்றடிக்கும் சில்லுகள் நின்றுபோயிருந்தன. மூச்சுக்குத் தவித்த இறால்கள் மேலே வரத் தொடங்கின.

"பின்னேரம் ஒண்டும் மிஞ்சாது. கடைசியாக் கேக்கிறன், திறப்பியோ மாட்டியோ?"

றொபின்சன் எச்சில் விழுங்கப் பார்த்தான். கத்தி அதற்கும் இடம் விடவில்லை.

"பூட்டை எழும்பேக்க போடுற மாதிரியே விடுவம் எண்டுதான் நான் சொன்னனான். கழுத்தில கத்தி வச்சாலும் திறக்கேலாத மாதிரிக் கட்டு எண்டு மேசையில அடிச்சது நீங்கதானே, முதலாளி?"

கத்தி இறங்கியது. சில்லுகளை ஓட்டும் மின்பலகை எரிந்துபோனதால் முதலாளி காலையில் வாங்கிவந்த புதுப் பலகையை இயக்கும் புரோகிராம் மட்டுமே அந்தப் பென்டிரைவில் இருந்தது.

"நான் கள்ளனை நினைச்செல்லோ சொன்னனான்," என்று அவர் கதிரையில் சரிந்தார்.