மாதிரி வீடு

“அடுப்பு இந்த மூலையில இருக்கக் கூடாதும்மா. புகை எப்படி வெளியே போகும்?”

ஊர்த் தலைவர் மண்சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். அருங்காட்சியகப் பொறுப்பாளரான பெண் அவர் பின்னாலேயே நடந்தாள். நாளைக்குத் திறப்பு விழா. பின்முற்றத்தில் அவள் கட்டிய இந்தப் பழங்கால வீட்டுக்குத் தலைவர் சரி சொன்னால்தான் அவளுக்கு வேலை நிலைக்கும்.

“ஐயா, இது சும்மா பாக்கறதுக்குத்தானே? யாரும் இங்க சமைக்கப் போறதில்லையே?”

“வரலாறுன்னா ஒழுங்கா இருக்கணும்மா.”

வாசல் பலகையில் ஊரின் வரலாற்றை அவள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். எழுதாமல் விட்டது கொஞ்சம் உண்டு. நிலத்தடியிலிருந்து எண்ணெய் பீறிட்ட வருடமே ஊர் தன் மண்வீடுகளை மிச்சமில்லாமல் இடித்துவிட்டுக் கண்ணாடி மாளிகைகளை எழுப்பியது. திறக்கிற ஜன்னல் வைத்தவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை; காற்றுக்குக் கையேந்துவது ஏழைகளின் வழக்கமாம். எண்ணெய்க் கம்பெனியின் இலவச மின்சாரத்தில் ஏசி ஓயாமல் ஓட, கோடையில் கம்பளி போர்த்தித் தூங்கிய ஊர் அது. போன மாதம் எண்ணெய் வற்றியது. கம்பெனி ஒரு பாராட்டுக் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, மின்நிலையத்தைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

தலைவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். “மழை பெஞ்சா ஒழுகுமா?”

“ஒழுகாதுங்கய்யா.”

“கதவுக்குத் தாழ்ப்பாள் எங்க?”

“குறுக்கே கயிறு கட்டிடுவோம். பாக்க வர்றவங்க உள்ள நுழைய மாட்டாங்க.”

“கயிறா! நல்லா இருக்கே கதை. உள்பக்கமா தாழ்ப்பாள் போடு.”

கூட வந்த அவர் மனைவி ஜன்னலோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “இந்த மாதிரி வீட்டுக்கு வாக்கப்பட மாட்டேன்னு எங்கப்பாகிட்ட அழுதவ நான்.”

“அதுக்காகத்தானேடி முதல் ஆளா இடிச்சேன்.”

“ஆமா, நான் சொன்னதுல இடிக்கிறது ஒண்ணு மட்டும்தான் உங்க காதுல விழுந்துச்சு.”

தலைவர் கட்டிலில் உட்கார்ந்தார். அது முனகியது. “ரொம்பச் சின்னதா இருக்கே?”

“அந்தக் காலத்துக் கட்டிலுங்கய்யா.”

“அந்தக் காலம் ஒல்லியா இருந்திருக்கு.”

பொறுப்பாளருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. “என்னென்ன குறைன்னு சொல்லுங்கய்யா, விடியறதுக்குள்ள மாத்திடறேன். வீடு வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

தலைவர் எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. திரும்பி வந்தவரின் குரலில் அதுவரை இருந்த அதிகாரம் காணாமல் போயிருந்தது.

“திறப்பு விழாவைக் கொஞ்சம் தள்ளி வைம்மா... வெயில் தணியிற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இங்க குடியிருந்துக்கறோம், ஊர்ல யார்கிட்டயும் சொல்லாம இருப்பியா?”