ஆரப்பாளையம் பேனரில் ஒரு கிரகம்

"மாமா, மொதல்ல அந்த பேனரைக் கழட்டுங்க!"

சிம்மக்கல்லில் இருந்த அழகுபாண்டியின் ஃபிளெக்ஸ் கடைக்குள் புயலாக நுழைந்தாள் தமிழ்ச்செல்வி.

"கழட்டிருவோம் தாயி. ஆனா இப்ப எமகண்டம். ஏணியில ஆளை ஏத்தக் கூடாது. ஒன்றரை மணி ஆகட்டும்."

"எமகண்டமாம்! பெங்களூருல இருந்து வந்து ஆரப்பாளையத்துல இறங்குறேன், தலையில கிரீடத்தோட நானே நிக்கிறேன் மாமா, அம்புட்டு உசரத்துல!"

அந்தக் கிரீடத்தைப் பார்த்ததுமே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஆட்டோ பிடித்தவள் அவள். கீழே இருந்த எழுத்துகளை எங்கே படித்தாள்!

தாய்மாமனுக்கோ பெருமை பிடிபடவில்லை. இவளுடைய காதுகுத்துக்கு அடித்ததைவிடப் பெரிய பேனர் இது. 'எங்கள் தமிழ்ச்செல்வி கண்டுபிடித்த புதுப் பூமி, தன் சூரியனைக் கடக்கும் பெருவிழா! அனைவரும் வருக!' என்று அவரே வாசித்துக் காட்டினார்.

"கண்டுபிடிச்சேன்னு யாரு சொன்னா? ஒரு நட்சத்திரம் ரெண்டு தடவை லேசா மங்குச்சு. குறுக்க ஒரு கிரகம் போனதாலன்னு நான் சொல்றேன். அது நட்சத்திரத்து மேல இருக்கிற கறைன்னு மத்தவங்க சொல்றாங்க. நாளைக்கு மூணாவது தடவையும் மங்கினாத்தான் என் பேச்சு எடுபடும். இல்லைன்னா மூணு வருஷ உழைப்பும் குப்பைக்குத்தான். அதுவும் டெலஸ்கோப் நமக்குக் கிடைச்சிருக்கிறது ஒரே ஒரு மணி நேரம்!"

"அது கெடக்கட்டும். அங்கன மனுசன் குடியிருக்கலாமா?"

எவ்வளவு கோபத்திலும் இந்தக் கேள்விக்கு மட்டும் அவளால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

"அது சூடு கம்மியான குட்டிச் சூரியன் மாமா, தணிஞ்ச அடுப்பு மாதிரி. ஒட்டி உக்காந்தாத்தான் கதகதப்பு. நம்ம கிரகம் சரியா அந்த எடத்துல சுத்துது. கிட்டப் போயி வேகவும் இல்ல, தள்ளிப் போயி உறையவும் இல்ல. அங்க தண்ணி தண்ணியாவே இருக்கலாம். பதினோரு நாள்ல ஒரு சுத்து. அதுக்கு அதான் ஒரு வருஷம்."

"ஆத்தாடி! பதினோரு நாளைக்கு ஒருக்க சித்திரைத் திருவிழாவா!"

"சிரிக்காதீங்க மாமா. எங்க ஆராய்ச்சி கைடு சிவக்குமார் சார் கண்ணுல மட்டும் இந்த பேனர் பட்டுச்சு..."

அழகுபாண்டி தலையைச் சொறிந்தார். "சாருக்கு நேத்தே வாட்ஸ்அப்புல அனுப்பிட்டேனே தாயி. முக்கியமான ஆளை அழைக்காம விசேஷமா?"

தமிழ்ச்செல்வி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. விளாங்குடி வீட்டு வாசலில் பந்தல். மேளக்காரர்கள் இட்லியை முடித்துவிட்டுத் தயாராக இருந்தார்கள். உலகத்தின் அந்தக் கோடியில், இன்னும் விடியாத சிலி நாட்டு மலை உச்சியில், தொலைநோக்கியோடு இருந்தார் சிவக்குமார் சார். கிரகம் வந்ததும் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். தமிழ்ச்செல்வியின் கணக்குப்படி ஏழே முக்காலுக்கு நட்சத்திரம் மங்க வேண்டும்.

எட்டரை ஆனது. ஒன்பதும் ஆனது. போன் வரவில்லை. இவள் அடித்தாலும் சார் எடுக்கவில்லை.

"மேளத்தை அனுப்பிருங்க மாமா. வரலை. நமக்குக் குடுத்த ஒரு மணி நேரமும் போச்சு." சொல்லும்போதே அழுதுவிட்டாள். மூன்று வருடம் கண் விழித்ததெல்லாம் ஒரு கறைக்காகவா!

அழகுபாண்டி மட்டும் அசரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பொறு தாயி. அதுக்குள்ள என்ன அவசரம்?"

மேளக்காரர்கள் இரண்டாவது காபி குடித்து முடித்த நேரத்தில் போன் அலறியது.

"வந்துருச்சும்மா! உன் கிரகம் வந்துருச்சு! கறையுமில்ல, ஒண்ணுமில்ல. அளவு, பாதை எல்லாம் நீ சொன்னபடியே! இனி ஒருத்தன் வாயைத் திறக்க முடியாது!"

"எப்ப சார் வந்துச்சு?"

"நீ சொன்ன ஒன்பதேகாலுக்குத்தான்!"

"சார், நான் ஏழே முக்கால்னுல்ல..."

"அது உன் பழைய மெயில்ல. பேனர்ல ஒன்பதேகால்னு திருத்திப் போட்டிருந்தியே, அதைப் பார்த்துத்தான் நம்ம ஒரு மணி நேரத்தை மாத்தி வாங்கினேன். பழைய கணக்கை நம்பியிருந்தா ஒண்ணுமில்லைன்னு மூட்டை கட்டியிருப்போம். ஒன்றரை மணி நேரம் பிந்துதுன்னா பக்கத்துல இன்னொரு கிரகம் அதைப் பிடிச்சு இழுக்குதுன்னுதானே அர்த்தம்? ஒண்ணு இல்லம்மா, ரெண்டு! அந்த ரெண்டாவதை எப்படிம்மா கணக்குப் போட்ட?"

வாசலில் மேளம் வெளுத்துக் கட்டியது. பெண்கள் குலவை போட்டார்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மாமாவை நிமிர்ந்து பார்த்தாள் தமிழ்ச்செல்வி.

அழகுபாண்டி அவள் காதோரம் குனிந்தார்.

"கோவிச்சுக்காத தாயி. நீ சொன்ன ஏழே முக்கால், திங்கக்கெழமை ராகு காலம். ஊரைக் கூப்பிட்டு வச்சுக்கிட்டு ராகு காலத்துலயா நல்ல காரியம் நடத்துறது? அதான் நானே ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போட்டுட்டேன்!"