ஓர் எழுத்துகூட மாற்றவில்லை

"கெடுத்துட்டியேய்யா!" என்று மேயர் காலைப் பத்திரிகையைச் சுருட்டி நிருபரின் முகத்தில் விட்டெறிந்தார்.

நிருபர் பதறி எழுந்தார். மேயர் ஒரு வார்த்தை சொன்னால் மாநகராட்சி விளம்பரம் நின்றுவிடும். விளம்பரம் நின்றால் முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்படி என்னதான் குறை? கீழே கிடந்த பத்திரிகையை எடுத்து விரித்தார். பாதாளச் சாக்கடை வேலைக்கு ஐந்து பேர் போட்டியிட்டதாகவும், ஆகக் குறைந்த தொகை கேட்ட மேயரின் மச்சான் வென்றதாகவும், மேயர் நேர்மையின் சிகரம் என்றும் முதல் பக்கத்தில் பளிச்சென்று இருந்தது.

"படம் சின்னதாப் போச்சுங்களா தலைவரே?"

"படமா? மச்சான் போனையே எடுக்க மாட்டேங்கறான்யா!"

"'மக்களின் காவலர்' விட்டுப்போச்சுங்களா? நாளைக்கு ரெண்டு தடவை போட்டுடறேன்."

"வாய மூடு! பன்னெண்டு வருஷமா தீனி போட்டதுக்கு நல்லா வேலை பாத்துட்டே!"

"சத்தியமா ஒரு எழுத்துகூட மாத்தலீங்க. நீங்க அனுப்பின குறிப்பு அப்படியே அச்சுக்குப் போயிடுச்சு."

"மேல சிவப்பு மையில எழுதியிருந்தேனே, அதைப் படிச்சியா?"

"நீங்க அனுப்பினதை நான் என்னைக்குங்க படிச்சிருக்கேன்?" என்றார் நிருபர், விசுவாசம் பொங்க.

கதவு திறந்தது. அரக்கு முத்திரை வைத்த இரும்புப் பெட்டியோடு பொறியாளர் வந்தார். பின்னால் நான்கு ஒப்பந்தக்காரர்கள், ஆளுக்கொரு பத்திரிகையோடு.

"மணி மூணாச்சுங்கய்யா, டெண்டர் பெட்டியைத் திறக்கணும்," என்றார் பொறியாளர். "ஆனா இவங்க எதுக்குத் திறக்கணும்னு கேக்கறாங்க. முடிவுதான் காலையிலேயே பேப்பர்ல வந்துடுச்சாம்."